குடை தொங்கிய நாட்கள்

கறுப்புத் துணி வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்ட ஒரு குடை. வளைந்த மூங்கில் பிடி. ஒரு கம்பி மட்டும் துணியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நடப்பவரின் கண்ணுக்கு அது எப்போதும் குறி வைத்தபடி இருக்கும். ஆமத்தூரில் மெயின் ரோட்டைப் பார்த்த எங்கள் சங்க அலுவலகத்தின் வெளிச்சுவரில், கதவுக்கு இடப்பக்கம், ஒரு பெரிய ஆணி உண்டு. மழை நாட்களில் அந்தக் குடை அந்த ஆணியில் தொங்கும். மழைக்குப் பிடிக்க வேண்டிய குடையை மழையிலேயே நனையவிட்டு, அதன் சொந்தக்காரி உள்ளே உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டிருப்பார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. என் சம்பளம் அந்தக் கிறுக்குத்தனத்தை நம்பி இருந்ததால், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தது.

அவரை எல்லோரும் சங்கத்தம்மா என்றே கூப்பிட்டோம். மல்லாங்கிணறு பக்கம் ஒரு சம்சாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வானத்தைப் பார்த்து மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் என்று இன்றைக்குத் தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை இருக்கிறது. அவர் தொடங்கிய காலத்தில் இந்தப் பக்கம் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. வங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள். வட்டிக்காரரிடம் போனால் ஈடு கேட்கமாட்டார், பிறகு ஆளையே எடுத்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவில் இவர் ஒரு கோரைப்பாயை விரித்து உட்கார்ந்தார். ஐந்து பெண்கள் சேர்ந்து வரவேண்டும், ஒருத்திக்கு மற்ற நால்வரும் பொறுப்பு. ஆடு வாங்க, தையல் மிஷின் வாங்க, இட்லிக் கடைக்கு ஒரு கொப்பரை வாங்கக் கடன். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத்தான் முதல் கடனைக் கொடுத்தார் என்று பின்னாளில் மேடைகளில் உருக்கமாகப் பேசினார்கள். உண்மையா என்று அவரிடமே கேட்டேன். "சங்கிலி இல்லலே, எருமை. ஒரு எருமையை வித்தேன். மேடையில எருமைன்னா எடுப்பா இருக்காதுன்னு சங்கிலியாக்கிட்டாக" என்றார்.

நான் விருதுநகரில் சாக்கு வியாபாரம் செய்த வீட்டுப் பிள்ளை. ஓட்டைச் சாக்குக்கும் நல்ல சாக்குக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று அத்தா என்னைக் கடையிலிருந்து மரியாதையாக வெளியேற்றிய பிறகு, மீசை நன்றாக முளைத்த வயதில், சங்கத்தில் வசூல் வேலைக்குச் சேர்ந்தேன். அத்தாவுக்கு ஒரே கவலை. வட்டி புழங்குகிற இடமாயிற்றே? ஒருநாள் சங்கத்தம்மா எதற்கோ கடைப்பக்கம் வந்தபோது அவரிடம் அத்தா நேராகவே கேட்டுவிட்டார். "ஆமா பாய், வட்டிதான். சேவைக் கட்டணம்னு வேற பேரு வச்சு ஒங்களை ஏமாத்த மாட்டேன். வெளியில வாங்குறதுக்குக் கொறைச்சலா வாங்குதோம், அம்புட்டுதான்" என்றார் சங்கத்தம்மா. அத்தா வெகுநேரம் தாடியைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "பொய் சொல்லாத எடமா இருக்கு, போ. ஆனா அந்தச் சம்பளத்துல எனக்கு டீ மட்டும் வாங்கித் தராத" என்றார். கடைசிவரை அவர் டீக்கு அவரேதான் காசு கொடுத்தார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பயம் மூளையில் வராது, வயிற்றில் வரும். சின்னப் பயம் வந்தால் ஜோக் அடிப்பேன். பெரிய பயம் வந்தால் ஜோக் அடித்தபடியே கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். நான் சேர்ந்த வாரத்திலேயே சங்கத்தம்மா இதைக் கண்டுபிடித்துவிட்டார். நான் தொடர்ந்து இரண்டு ஜோக் சொன்னால், "என்னலே, கணக்கு ஒதைக்குதா?" என்று கேட்பார். அநேகமாக உதைக்கும்.

குடை தொங்கத் தொடங்கியதற்கு ஒரு மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் பகுதியின் பெரிய வட்டிக்காரர். பச்சை நிற மொபெட்டும், காதோரம் சொருகிய பேனாவுமாக வருவார். ஒரு கார்த்திகை மாதம், விடாத தூறல். நானும் சங்கத்தம்மாவும் வசூலை முடித்துவிட்டு பஸ்ஸுக்காக நின்றோம். அந்த வாரம் ஒரு தவணைகூடத் தவறவில்லை. எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை; அவர் குடைக்குக் கீழே பாதி நனைந்தபடி விசிலடித்துக்கொண்டிருந்தேன். மொபெட் எங்கள் முன்னால் வந்து நின்றது.

"என்ன தாயி, வசூல் சுத்தமா முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. ஒமக்கு என்ன அதுல அக்கறை?" என்றார் சங்கத்தம்மா.

"அக்கறை இல்லாம இருக்குமா? மழைக்கு ஆபீஸெல்லாம் சாத்திக் கெடக்கு. பொம்பளைகளுக்குச் சம்பளம் ஏது? ஒங்களுக்குக் கட்டணும்னு விடியக்காலமே எங்கிட்ட வந்து நிக்காளுக. ஒங்க புண்ணியத்துல இந்த மழ சீசன்ல எனக்கு ஏவாரம் அமோகம். தீவாளிக்கு ஒங்களுக்கு ஒரு சேலை எடுத்திருக்கணும், மறந்துட்டேன்."

அதில் கேலி கிடையாது. அதுதான் கொடுமை. அந்த மனிதர் மனமார நன்றி சொல்லிவிட்டு, மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். மருந்து காய வெயில் வேண்டும். மேகம் கறுத்தால் காயப்போட்டதை அள்ளி உள்ளே வைத்துவிட்டு, பெண்களை வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றன்றைய வேலைக்கு அன்றன்றைய கூலி; மழை பெய்தால் கூலி இல்லை. மற்ற ஊர்களில் மழையில்லாவிட்டால் பட்டினி. எங்கள் ஊரில் மழையில்லாவிட்டால் சம்சாரிக்குப் பட்டினி, மழை பெய்தால் பட்டாசுக்காரிக்குப் பட்டினி. ஒரே வீட்டில் சம்சாரியும் பட்டாசுக்காரியும் இருந்தால் அவர்கள் வானத்தைப் பார்த்து என்னதான் வேண்டிக்கொள்வார்களோ தெரியாது. இது சங்கத்தம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைத் தவணை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க, ஒரு வட்டிக்காரர் வந்து நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

பஸ் வந்தது. மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் என் காற்சட்டையில் ஒழுகியது. இறங்கும்போதுதான் அவர் சொன்னார்: "ஏலே, இம்புட்டு நாளும் நாம அந்தாளுக்கு வேலை பாத்திருக்கோம்லே."

"அப்ப சம்பளத்தை இனிமே அவர்ட்டயே கேக்கட்டுமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்ன ஜோக்குகளில் அவர் சிரிக்காதது நிறைய உண்டு. ஆனால் அன்றைக்குத்தான் அவர் அதைக் கேட்கவே இல்லை.

மறுநாளும் மழை. அலுவலகத்துக்கு வந்தவர் குடையை மடக்கி, உள்ளே மூலையில் சாய்த்து வைக்காமல், வெளியே ஆணியில் மாட்டினார். அதுவரை அந்த ஆணியில் தண்ணீர்க் கேன் தொங்கிக்கொண்டிருந்தது. பாயில் உட்கார்ந்து சேவுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"இன்னைக்கு வசூல் கெடையாது."

"எத்தன நாளைக்கும்மா?"

"மழை நிக்கிற வரைக்கும்."

"மழை ஒரு மாசம் நிக்காம பெஞ்சா?"

"விருதுநகர்ல ஒரு மாசம் மழை பெஞ்சா நானே கெடா வெட்டிப் பொங்க வைக்கிறேன். பேசாம சேவு தின்னு."

என் வயிறு அன்றைக்குப் பட்ட பாட்டை விவரிக்கமாட்டேன். சங்கம் மூழ்கிவிடும், சங்கத்துக்குக் கடன் கொடுத்த வங்கிக்காரர் ஜீப்பில் வருவார், என் கல்யாணம் நிற்கும், அத்தா என்னைத் திரும்பவும் சாக்குக் கடையில் உட்காரவைப்பார் என்று வரிசையாகக் கற்பனை செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோக் தயாரித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் வந்தது, ஆபீஸ்கள் திறந்தன, தவணைகளும் வந்தன. கொஞ்சம் தள்ளி வந்தன, ஆனால் வந்தன. பச்சை மொபெட் எங்கள் அலுவலகத்தைக் கடக்கும்போது மட்டும் வேகத்தைக் கூட்டியது.

அதன்பிறகு அந்தக் குடை ஊருக்கே ஒரு பொதுச் சங்கதி ஆகிவிட்டது. காலையில் சிவகாசிப் பக்கம் போகும் ஆலை வேன்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். மேகமூட்டமான நாளில் வேனின் இடப்பக்க ஜன்னல்கள் முழுக்கத் தலைகளாக இருக்கும். "குடை தொங்குதாடீ?" "தொங்கல." "நல்லாப் பாரு." "கண்ணு அவிஞ்சா போச்சு? தொங்கலங்கேன்!" சங்கத்தம்மாவின் முகத்தைப் பார்த்திராத பெண்களுக்குக்கூட அந்தக் குடையைத் தெரியும்.

அவரைத் தேவதையாக்கி எழுத எனக்கு உத்தேசமில்லை. வெயில் அடிக்கிற நாளில் அவரைவிட இரக்கமற்ற ஆளை நான் பார்த்ததில்லை. தவணை தவறிய வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார். திட்டமாட்டார். தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் உரக்க நலம் விசாரிப்பார். "நல்லாருக்கீகளா? சாப்பிட்டீகளா? நானா? நான் இங்கன சும்மாதான் உக்காந்திருக்கேன், இந்தப் பிள்ளை தவணை எடுத்தாரப் போயிருக்கா." அந்தப் பிள்ளை உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று நெளிவாள். என் சம்பளத்தை உயர்த்துவதிலும் அவருக்கு இதே இரக்கம்தான். நான் கேட்கும்போதெல்லாம் சேவுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளுவார்.

ஒரு தடவை, ஆனி மாதம். தார் உருகும் வெயில். காலையில் வந்து பார்த்தால் ஆணியில் ஒரு குடை தொங்குகிறது. கறுப்புக் குடை இல்லை. ஊதா நிறத்தில் பூப்போட்ட, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற மாதிரியான குடை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் வைத்தது, எந்தக் குழு, எந்தத் தெரு என்று துப்புத் துலக்கக் கிளம்பிவிட்டேன். சைக்கிளை எடுக்கும்போது சங்கத்தம்மா வந்தார். குடையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். துளி மேகம் இல்லை.

"யாரு வீட்டுலயோ மழை பெய்யுது போல. விடு" என்றார்.

"அம்மா, இப்பிடி விட்டா தெனமும் ஒருத்தி குடையைத் தூக்கிட்டு வருவா."

"நாளைக்கும் தொங்குனா நீ போயிக் கேளு. இன்னைக்கு வசூல் இல்ல."

அன்று மாலை அந்தக் குடையை எடுத்து உள்ளே வைத்தேன்; மறுநாள் வேறு எதுவும் தொங்கவில்லை. அந்த வாரத் தவணைகள் எல்லாமே வந்து சேர்ந்தன. யாரென்று நாங்கள் கேட்கவில்லை. யாரும் குடையைத் திரும்பக் கேட்டு வரவும் இல்லை. அது என் வீட்டில்தான் இருக்கிறது. என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டுதான் ரேஷன் கடைக்குப் போகிறாள்.

பிறகு நடந்தவை எல்லா இடத்திலும் நடந்தவைதாம்; எழுதவே அலுப்பாக இருக்கிறது. சங்கம் வளர்ந்தது. வளர்ந்ததைப் பார்த்துச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சங்கம் கம்பெனி ஆயிற்று. சங்கத்தம்மாவுக்கு முழங்கால் இரண்டும் போயிருந்தன. பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆணியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு மல்லாங்கிணறுக்குப் போய்விட்டார். ரோட்டை அகலப்படுத்தியபோது பழைய கட்டடமும் போயிற்று. புதிய கிளை கொஞ்சம் தள்ளி, கண்ணாடிக் கதவும் வழவழப்பான முகப்பும் கொண்ட கட்டடத்தில். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வாடகைப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறார்கள். என்னைக் கிளை மேலாளர் ஆக்கினார்கள். கையில் ஒரு டேப் கொடுத்தார்கள். தவணை வராவிட்டால் அதில் காரணத்தைத் தொட்டுப் பதிய வேண்டும். இறந்துவிட்டாரா, ஊரைவிட்டுப் போய்விட்டாரா, தர மறுக்கிறாரா, எல்லாவற்றுக்கும் பொத்தான் உண்டு. மழைக்குப் பொத்தான் இல்லை.

மழை நாட்களில் நானே போனில் மன்றாடி ஏதோ ஒரு கால அவகாசம் வாங்குவேன். சில சமயம் கிடைக்கும். பல சமயம் கிடைக்காது. கிடைக்காத நாட்களில் என்னிடம் வேலை பார்க்கும் பையன்கள் வசூலுக்குப் போவார்கள். அவர்களுக்கு முன்னாலேயே, வட்டிக்காரரின் மகன் தன் பெரிய பைக்கில் தெருவுக்குள் போயிருப்பான். அப்பாவிடம் இருந்த நன்றியுணர்ச்சிகூட அவனிடம் கிடையாது.

இந்த நிலையில்தான் போன வருடம் தலைமை அலுவலகத்துக்கு ஒரு யோசனை வந்தது. சிறு கடனின் முன்னோடியை, ஸ்தாபகரை, மேடையேற்றிக் கௌரவிக்க வேண்டும். சூலக்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தார்கள். தீபாவளி முடிந்து, ஐப்பசி கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள். மண்டல மேலாளர் இளைஞர், மிகவும் மரியாதையானவர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அதட்டியிருந்தால்கூட ஒருநாளில் மறந்திருக்கும். அவர் அமைதியாகச் சொன்னதுதான் இன்னும் மறக்கவில்லை. "சார், குழுப் பெண்களை எப்படியும் பஸ்ல கூட்டிட்டு வர்றோம். அன்னைக்கு அவங்களுக்குத் தவணை நாள் வேற. மண்டப வாசல்லயே டேபிள் போட்டு வசூலையும் முடிச்சுக்கலாம். ஒரே அலைச்சல்ல ரெண்டு வேலை." பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னார்: "உங்க கிளை கொஞ்சம் பின்னாடி இருக்கு. இந்தத் தடவை முழுசா வரலைன்னா, மேல என்னால உங்களுக்காகப் பேச முடியாது."

எனக்கு ஒரு மகள் கல்லூரியில் படிக்கிறாள். என் வயதில் இன்னொரு வேலை யாரும் தரமாட்டார்கள். அத்தாவின் சாக்குக் கடையையும் விற்றாயிற்று. ஆகவே நான் தொடர்ந்து மூன்று ஜோக் சொல்லிவிட்டு, சரி என்றேன்.

விழாவுக்கு முந்தைய சில நாட்களாக மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸ்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. அன்று காலை நான் சங்கத்தம்மாவை அழைத்துவரக் காரில் மல்லாங்கிணறு போனேன். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் என் வயிற்றைத்தான் பார்த்தார். "என்னலே, தொந்தி போட்டுருச்சு? பயம் குடியிருக்க எடம் தோதா இருக்குமே."

"ஒங்களுக்குச் சால்வை போடுதாகம்மா."

"இந்த வயசுல சால்வையை வச்சு என்ன செய்ய? வேர்க்கும். வரலன்னு சொல்லு."

"வரலன்னா என் வேலை போயிரும்."

"அப்பிடிச் சொல்லு. ஒனக்காக வாரேன்." மருமகள் கையைப் பிடித்து எழுந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்துக்கொண்டார்.

காரில் பாதி வழி கண்ணை மூடியே வந்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "மழையால்ல இருக்கு. இன்னைக்கு ஆபீஸ் உண்டுமா?"

"இல்லம்மா."

"அப்ப இத்தன பொம்பளைகளும் வசூல் இல்லாத நாளைக்கு எனக்காகவா வாராக?"

நான் கார் வைப்பரைப் பற்றி ஒரு ஜோக் சொன்னேன். தொடர்ந்து டிரைவரின் மீசையைப் பற்றி இன்னொன்று. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "கணக்கு ஒதைக்குதா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஆள் உயர ஃப்ளெக்ஸ். அதில் சங்கத்தம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டரில் சரிசெய்திருக்க வேண்டும். ஃப்ளெக்ஸுக்குக் கீழே மேசைகள், மேசைகளில் டேப்புகள், என் பையன்கள். மேசைகளுக்கு முன்னால், பஸ்ஸில் வந்திறங்கிய பெண்கள் நனைந்த சேலைகளோடு வரிசையில் நின்றார்கள். எதிர்ப்பக்கம் டீக்கடையில், பெரிய பைக்கில் சாய்ந்தபடி வட்டிக்காரரின் மகன். இரண்டு பெண்கள் அவனிடம் எதையோ வாங்கி முந்தானைக்குள் முடிந்துகொண்டு ரோட்டைக் கடந்து வந்து வரிசையில் சேர்ந்தார்கள். நான் சங்கத்தம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தேன். அவர் கை என் கையில் ஒரு நொடி இறுகியது. பிறகு தளர்ந்தது. உள்ளே நடந்தார். குடை காரிலேயே இருந்தது.

பாராட்டுரைகள் நடந்தன. ஒருவர் சங்கிலிக் கதையைச் சொன்னார். விளக்கு, சால்வை, கேடயம், போட்டோ. முதல் வரிசைகளில் பெண்களை உட்காரவைத்திருந்தார்கள். வசூல் முடியாதவர்கள் வாசலில் இன்னும் நின்றார்கள். மேடை ஓரத்தில், உள்ளே நடப்பதும் வெளியே நடப்பதும் ஒருசேரத் தெரிகிற இடத்தில், நான் நின்றிருந்தேன். கழிப்பறையும் அந்தப் பக்கம்தான்.

பேச அழைத்தார்கள். சங்கத்தம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. மைக்கை அவர் நாற்காலிக்கே கொண்டுவந்தார்கள். நன்றி சொல்வார் என்று மண்டபம் காத்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, மைக் வாய்க்கு நேராக இருப்பது தெரியாமலோ தெரிந்தேயோ, "ஏலே, என் குடை எங்கலே?" என்றார். மண்டபம் முழுக்க அது எதிரொலித்தது.

காருக்கு ஓடினேன். கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"வெளிய கொண்டு போயித் தொங்க விடு."

அவ்வளவுதான் அவர் பேசியது. மண்டபத்துக்கு நடுவில் வழி நீளமாக இருந்தது. ஒரு கையில் குடை, இன்னொரு கை வயிற்றில். வாசலை அடையும்போது மண்டல மேலாளர் பக்கத்தில் வந்துவிட்டார். "என்ன சார் இது?" என்றார் அதே மரியாதையோடு. என் மகளின் முகம், வாடகை, சாக்குக் கடை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தன. ஒரு ஜோக்கும் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக.

வாசலில் ஆணி எங்கேயும் இல்லை. ஃப்ளெக்ஸ் கட்டிய சவுக்குக் கம்பின் முனை ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருந்தது. எக்கி, சங்கத்தம்மாவின் சிரிக்கிற முகத்துக்குப் பக்கத்தில், குடையை அதில் மாட்டினேன்.

வரிசையில் முன்னால் நின்றது ஒரு வயதான பெண். பழைய குழுவைச் சேர்ந்தவர், வேன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த தலைகளில் ஒன்றாக இருந்திருப்பார். மேசை மேல் வைத்துவிட்ட பணத்தை, டேப்பைத் தொடப்போன பையனின் விரலுக்கு அடியிலிருந்து மெதுவாக உருவி எடுத்தார். முந்தானையில் முடிந்தார். "குடை தொங்குதுய்யா, பாக்கலையா?" என்று அவனிடம் சொன்னார், அவன்தான் ஏதோ ஒழுங்கு தவறிவிட்டவன் என்பதுபோல. பின்னால் நின்ற இளம்பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா, என்ன குடை?" "இன்னைக்கு மழை, வசூல் இல்லடீ. வாங்குனதைக் கொண்டு போயி அவன் மொகத்துலயே எறிஞ்சிட்டு வா." வரிசை அப்படியே திரும்பி, ரோட்டைக் கடந்து, டீக்கடையைப் பார்த்து நடந்தது. பெரிய பைக்கில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அன்றைய தினத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

உள்ளே மேடையிலிருந்த பிரமுகர்கள், குடையை மாட்டுவது ஏதோ விழாச் சடங்கு என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள். போட்டோக்காரர் ஓடிவந்து குடையையும் என்னையும் படமெடுத்தார். மண்டல மேலாளரும் வேறு வழியில்லாமல் கைதட்டினார். தட்டிக்கொண்டே என் காதில், "நாளைக்குப் பேசலாம் சார்" என்றார்.

பேசினார். விளக்கம் கேட்டு எழுத்தும் வந்தது. வேலை போகவில்லை, சம்பள உயர்வு போயிற்று. இதில் எனக்கு அனுபவம் உண்டு என்பதால் அதிகம் வலிக்கவில்லை. நல்லவேளையாக மறுநாளைக்கு மறுநாள் வெயில் வந்தது, ஆபீஸ் திறந்தது, தவணைகளும் வந்தன. ஆனால் டேப்பில் பொத்தான் எதுவும் புதிதாக வரவில்லை. அடுத்த மழைக்கு மறுபடியும் நான் போனில் மன்றாடினேன். ஒருநாள் குடை தொங்கியதால் உலகம் திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். எழுதினால் சங்கத்தம்மா, "சங்கிலியாக்காதலே" என்பார்.

அன்று திரும்பும் வழியில் அவர் மிகவும் களைத்திருந்தார். சால்வையை மடித்து டிரைவரிடம் கொடுத்துவிட்டார். "பெருமையா இருக்காம்மா?" என்று கேட்டேன். "அலுப்பா இருக்குலே. அந்தாளு எனக்கு நன்றி சொன்னான் பாரு, மொபெட்டுக்காரன். அதுக்குப் பெறகு யாரு என்ன பாராட்டுனாலும் அந்தக் கொரலுதான் கேக்குது" என்றார். ஏதாவது ஜோக் சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் தூங்கிவிட்டார்.

இந்தச் சித்திரையில் போய்விட்டார். கொளுத்துகிற வெயில், ஆபீஸ்கள் எல்லாம் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கூலியை விட்டுவிட்டு வந்த பெண்களால் மல்லாங்கிணறுத் தெரு நிறைந்திருந்தது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு அவருடைய மருமகள் என்னிடம் குடையைக் கொடுத்தார். "சும்மா கெடக்குறதுக்கு ஒங்ககிட்டக் கெடக்கட்டும்னு சொன்னாக" என்றார். அதைச் சொல்லும்போது சங்கத்தம்மா எப்படிச் சிரித்திருப்பார், அல்லது சிரிக்காமல் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் அவர் படத்தை மாட்டி 'முன்னோடி' என்று எழுதியிருக்கிறார்கள். படம் பசை நாடாவில் நிற்கிறது. ஆணி அடிக்கக் கூடாதல்லவா.

குடை இத்தனை மாதமும் என் நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. நீட்டிய கம்பி ஒருமுறை மண்டல மேலாளரின் கண்ணுக்குக் குறி வைத்தது, தப்பித்துக்கொண்டார்.

இன்று காலை எழும்போதே வானம் மூடியிருந்தது. அலுவலகம் வருவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. அவகாசம் கேட்டுப் போன் செய்தேன். பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். பக்கத்துக் கடையில் ஒரு சுத்தியலும் ஆணியும் கடன் வாங்கி, கண்ணாடிக் கதவுக்கு இடப்பக்கம், வழவழப்பான முகப்பில் அடித்தேன். முதல் இரண்டு அடி என் கட்டைவிரலில். மூன்றாவதில் கல் பிளந்து ஒரு சில்லு தெறித்தது. ஆணி மட்டும் நின்றுவிட்டது. கட்டட உரிமையாளருக்கு என்ன பதில் சொல்வது, வாடகைப் பத்திரத்துக்கு என்ன பதில் சொல்வது, மேலே என்ன பதில் சொல்வது என்று வயிறு தனித்தனியாகக் கேட்டது. வீங்கிய விரலோடு குடையை மாட்டிவிட்டு, அதன் கீழேயே, நனைந்துகொண்டு நின்றேன்.

ஆலைகளிலிருந்து வேலையில்லாமல் திரும்பிய முதல் வேன் வந்தது. ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். "ஏ பாய்! அது அந்தக் குடைதான?" என்று யாரோ கத்தினார்கள். தலையை ஆட்டினேன். வேன் கடந்து போயிற்று. உள்ளே எழுந்த கூச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றது.

சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. மண்டல மேலாளர்தான். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அம்புட்டுப் பெரிய மழை ஒன்றுமில்லை.